இருபத்து நான்கு ஆண்டுகள், முப்பத்தைந்து நிமிடங்கள்

ஆடம் வினாட்டியேரி என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் புதிதாக இருக்கும். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 1996 முதல் 2019 வரை 24 பருவங்கள் ஆடியவர். அந்த லீக்கின் நூறு பருவ வரலாற்றில் வேறு யாரும் தொடாத 2,673 புள்ளிகளை எடுத்து வைத்துவிட்டு ஓய்வுபெற்றார். இத்தனைக்கும் அவர் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் அல்லர்; எறிகிறவரும் அல்லர். பந்தை உதைப்பது ஒன்றுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பே அதற்குள் இருக்கிறது. ஃபீல்டு கோல் என்னும் நீண்ட தூர உதைகள் 599. ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி, ஆக 1,797. சக ஆட்டக்காரர்கள் டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பது) எடுத்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி உதைகள் 874. இரண்டையும் கூட்டினால் 2,671 வருகிறது. மிச்சம் 2 புள்ளி எங்கிருந்து வந்தது?

1998 நவம்பரில் பஃபலோ பில்ஸ் அணியோடு நடந்த ஆட்டம் அது. நேரம் முடியும் கணத்தில் வினாட்டியேரியின் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஒரு டச் டவுன் எடுத்து முந்திவிட்டது. நடுவர்களின் தீர்ப்புகளால் கொதித்துப்போன பஃபலோ வீரர்கள் களத்தைவிட்டே வெளியேறினார்கள். ஆனால் அன்றைய விதிப்படி, டச் டவுனுக்குப் பிந்தைய முயற்சியை எடுத்தே தீர வேண்டும். எதிரில் தடுக்க ஒருவரும் இல்லை. வினாட்டியேரி பந்தை வாங்கிக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டினார். அவர் 24 ஆண்டுகளில் உதைக்காமல் எடுத்த புள்ளிகள் அந்த இரண்டு மட்டுமே.

இன்னொரு கணக்கும் போடலாம். வழக்கமான பருவ ஆட்டங்களில் அவர் முயன்ற ஃபீல்டு கோல்கள் 715, ஒற்றைப் புள்ளி உதைகள் 898. மொத்தம் 1,613 முயற்சிகள். பந்து தரையிலிருந்து பின்னோக்கி வீசப்படுவதில் தொடங்கி அவர் காலில் படுவது வரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.3 நொடி. எல்லாவற்றையும் சேர்த்தால் 35 நிமிடம்கூட முழுதாக வரவில்லை. உலகின் மிகக் கடுமையான தொழில்முறை ஆட்டங்களில் ஒன்றில் அதிகப் புள்ளி எடுத்தவரின் புள்ளிக்கான வேலை நேரம், கால் நூற்றாண்டுக்கு 35 நிமிடம்!

அந்த 35 நிமிடத்தை எது சாத்தியமாக்கியது என்பதே என்னை இழுத்த கேள்வி. அவருடைய கால் பலம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவருடையதைவிட வலிமையான கால்கள் லீக்கில் எப்போதும் இருந்தன. வினாட்டியேரியின் அரிய சொத்து வேறு. ஒரே அசைவை, ஆயிரக்கணக்கான தடவை, எந்தத் தரையிலும் எந்தக் கூச்சலிலும் அதே மாதிரி செய்ய முடிவது. உடலியலும் இயற்பியலும் உளவியலும் சந்திக்கும் இடம் அது.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். களத்தில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் 11 பேர். ஆனால் பந்து தங்களிடம் இருக்கும்போது ஆட ஒரு 11 பேர், எதிரணியைத் தடுக்க வேறு 11 பேர், உதைக்க வேண்டிய தருணங்களுக்கென்று இன்னொரு கூட்டம் என்று ஆள்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் தனித்தேர்ச்சி வீரர்கள் வருகிறார்கள். கோல் கம்பங்களுக்கு இடையே 5.64 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பி தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். பந்து அந்தக் கம்பிக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் ஃபீல்டு கோல். முன்னேற முடியாமல் அணி மாட்டிக்கொண்டு நிற்கும்போதும், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கும்போதும் உதைப்பவரான கிக்கரை அழைப்பார்கள்.

உதைப்பது கிக்கர் ஒருவர்தான் என்றாலும் அந்த 1.3 நொடி மூன்று பேருக்குச் சொந்தம். முதலாமவர் லாங் ஸ்னாப்பர். குனிந்து நின்று, தன் கால்களுக்கு இடையே, தலைகீழாகப் பார்த்தபடி, ஏழெட்டு யார்டு பின்னால் முழந்தாளிட்டிருக்கும் ஹோல்டரின் கைக்குப் பந்தை வீச வேண்டும். அரை நொடிக்குள் பந்து போய்ச் சேரும். வெறுமனே சேர்ந்தால் போதாது. பந்தின் ஒரு பக்கம் நாடாத் தையல் புடைத்துக்கொண்டிருக்கும்; அந்தத் தையலில் கால் பட்டால் பந்து கோணிக்கொள்ளும். எனவே தையல் கோல் கம்பங்களைப் பார்த்தபடி பந்து நிற்க வேண்டும். தேர்ந்த ஸ்னாப்பர், தன் வீச்சில் பந்து இத்தனை சுற்றுச் சுழன்றுதான் ஹோல்டரின் கையை அடையும் என்று பழகி வைத்திருப்பார். தூரம் மாறாமல் சுழற்சியும் மாறாமல் இருந்தால், பந்து கைக்கு வரும்போதே தையல் சரியான பக்கத்தில் இருக்கும். ஹோல்டர் அதைத் திருப்பக்கூட வேண்டியதில்லை. குறித்த புள்ளியில் முனையை ஊன்றி, மேல் முனையை ஒரு விரலால் பிடித்தால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹோல்டர் பந்தை ஊன்றி முடிக்கும்வரை கிக்கர் காத்திருப்பதில்லை. அவ்வளவு நேரம் எடுத்தால் ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எதிரணி வீரர் பந்தின்மீது விழுந்துவிடுவார். பந்து ஹோல்டரின் கைக்கு வந்து சேரும் வேளையிலேயே கிக்கர் அடியெடுத்து வைத்துவிடுகிறார். அவர் ஓடத் தொடங்கும்போது உதைக்க வேண்டிய இடத்தில் பந்து இல்லை. அது இருக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே இருக்கிறது.

உதையின் உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலான கிக்கர்கள் பந்திலிருந்து மூன்று காலடி பின்வாங்கி, இரண்டு காலடி பக்கவாட்டில் நகர்ந்து நிற்பார்கள். வலக்கால் உதைப்பவர் சாய்கோணத்தில் ஓடிவந்து, இடக்காலைப் பந்துக்குப் பக்கத்தில் அழுத்தி ஊன்றுகிறார். ஓடிவந்த வேகம் அந்த ஊன்றலில் சட்டென்று தடைபடுகிறது. தடைபட்ட வேகம் இடுப்பின் சுழற்சியாக மேலே ஏறுகிறது. இடுப்பு முதலில் திரும்புகிறது, தொடை அதைத் தொடர்கிறது. தொடை உச்ச வேகத்தை எட்டி நிதானிக்கத் தொடங்கும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி விசிறிக்கொண்டு முன்னால் பாய்கிறது. சாட்டையைச் சுழற்றுகிறவர் கைப்பிடியை நிறுத்தும்போது நுனி சீறுவது போலத்தான் இதுவும். பெரிய உறுப்பின் வேகம் அதைவிடச் சிறிய உறுப்புக்குக் கைமாறிக் கைமாறிப் பாதத்தில் வந்து குவிகிறது. அந்தக் கணத்தில் கணுக்கால் கொஞ்சமும் தளரக் கூடாது. பாதம் நீட்டி இறுகியிருந்தால்தான் வந்த வேகம் பந்துக்குப் போகும். சாதாரணக் கால்பந்து உதைகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், பாதமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்குதான் என்று கண்டிருக்கிறார்கள். மூளைக்கு அந்த உணர்வு போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிட்டிருக்கும். திருத்திக்கொள்ள நேரமே கிடையாது.

இப்படிச் சாய்வாக ஓடிவந்து புறங்காலால் உதைக்கும் முறை அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு அகதி மாணவர் மூலம்தான் வந்தது. 1956 புரட்சிக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறிய பீட் கோகோலாக், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1964இல் பஃபலோ அணிக்காக உதைத்தார். அதுவரை எல்லோரும் நேராக ஓடிவந்து கட்டைவிரல் முனையால்தான் குத்தினார்கள். புறங்காலில் பந்து படும் பரப்பு அதிகம்; இடுப்புச் சுழற்சியின் வேகமும் கூடுதலாகக் கிடைக்கிறது. இரு பத்தாண்டுகளில் பழைய முறை வழக்கொழிந்தது. 1960களின் தொடக்கத்தில் லீக்கின் ஃபீல்டு கோல் முயற்சிகளில் ஏறத்தாழப் பாதிதான் கம்பங்களுக்குள் போயின. இன்று நூறில் எண்பதுக்கு மேல் போகின்றன. விளையாட்டு வரலாற்றில் ஒரு திறன் இத்தனை தெளிவாக முன்னேறியதற்கு அதிக உதாரணங்கள் இல்லை.

வினாட்டியேரி தெற்கு டகோட்டா மாநிலத்துக்காரர். 1972 டிசம்பரில் யாங்டனில் பிறந்து, ராபிட் சிட்டியில் வளர்ந்தார். அவருடைய முப்பாட்டனார் ஃபெலிக்ஸ் வினாட்டியேரி என்ற இத்தாலிய இசைக்கலைஞர். தளபதி கஸ்டரின் ஏழாவது குதிரைப்படைக்கு வாத்தியக் குழுத் தலைவர். 1876இல் கஸ்டர் லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் போய்ப் படையோடு மாண்டபோது, வாத்தியக் குழுவைப் பவுடர் ஆற்று முகாமிலேயே விட்டுவிட்டுப் போனதால் ஃபெலிக்ஸ் உயிர் தப்பினார். அந்த முடிவு வேறாக இருந்திருந்தால் ஒருவேளை இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆடம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து சிறிது காலத்திலேயே வெளியேறித் தன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். படிப்பை முடித்தபோது எந்த என்.எஃப்.எல். அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்போது அவர் போய்ச் சேர்ந்த இடம் வர்ஜீனியா மாநிலத்தின் அபிங்டன் என்ற சிற்றூர். அங்கே டக் பிளெவின்ஸ் என்ற உதைப் பயிற்சியாளர் இருந்தார். பிளெவின்ஸ் பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ளவர். சக்கர நாற்காலியில் இருப்பவர். வாழ்நாளில் ஒரு ஃபீல்டு கோல்கூட உதைத்ததில்லை. ஆனால் சிறுவயதிலிருந்து உதைகளைப் பார்த்துப் பார்த்து, ஊன்றும் கால் எங்கே விழுகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, தலை எப்போது நிமிர்கிறது என்று ஒவ்வொரு கூறாகப் பிரித்துப் படித்து வைத்திருந்தார். அந்த அறிவோடுதான் என்.எஃப்.எல். அணிகளுக்கே பயிற்சியாளராகப் போனார்.

இந்த இரண்டு பேரின் சந்திப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. உதைப்பதைப் பற்றிய அறிவு முழுவதும் ஒருவரிடம். உதைக்கும் கால் இன்னொருவரிடம். மூளை ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் இருவகை நினைவுகள் இங்கே இரண்டு மனிதர்களாகவே நிற்கின்றன. ஒன்று, எடுத்துச் சொல்லக்கூடிய அறிவு. மற்றது, சொல்ல வராமல் உடம்பில் படிந்திருக்கும் பழக்கம். பிளெவின்ஸ் சொல்லித் தந்ததை வினாட்டியேரி திரும்பத் திரும்ப உதைத்து இரண்டாவது வகைக்கு மாற்றிக்கொண்டார். மாறி முடித்த பிறகு, சொல்லித் தந்ததை அவர் மறந்துவிட வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் நிபந்தனை.

1996இல் ஐரோப்பாவில் நடந்த லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அணிக்காகச் சில மாதம் ஆடிவிட்டு, அதே ஆண்டு பேட்ரியட்ஸ் அணியில் நுழைந்தார். அனுபவசாலியான மேட் பார் என்பவரின் இடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் வாரங்கள் தடுமாற்றம். பருவத்தின் முடிவில் டல்லஸ் அணியின் ஹெர்ஷல் வாக்கர், லீக்கின் அதிவேக ஓட்டக்காரர்களில் ஒருவர், பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது துரத்திப் பிடித்துத் தரையில் சாய்த்தார் வினாட்டியேரி. கிக்கரை முழு ஆட்டக்காரராக மதிக்காத சகவீரர்கள் அன்று முதல் அவரை மதித்தார்கள்.

அமெரிக்காவில் இன்றும் பேசப்படும் அவருடைய உதை 2002 ஜனவரி 19 இரவு நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபாக்ஸ்பரோ மைதானம், நாக் அவுட் சுற்று, எதிரில் ஓக்லண்டு ரெய்டர்ஸ். ஆட்டம் முழுவதும் பனி கொட்டியது. கோடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. பேட்ரியட்ஸ் 3 புள்ளி பின்தங்கியிருக்க, நேரம் முடியும் தறுவாயில் 45 யார்டு, அதாவது 41 மீட்டர் தூர உதைக்கு வினாட்டியேரி வந்தார். ஸ்னாப்பர் லோனி பாக்ஸ்டன், ஹோல்டர் கென் வால்ட்டர்.

காற்றின் தடையே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டாலும், 40 பாகைக் கோணத்தில் கிளம்பும் பந்து அந்தத் தூரத்தில் குறுக்குக் கம்பியைத் தாண்ட மணிக்கு 76 கிலோமீட்டர் வேகம் தேவை. காற்று இருக்கும் உலகில் இன்னும் கூடுதலாக வேண்டும். திசையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ 4 பாகை பிசகினால் பந்து கம்பத்துக்கு வெளியே. இது நல்ல நாளின் கணக்கு. குளிரில் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் குறைகிறது, தோல் விறைக்கிறது. உதைத்த விசையில் பந்துக்குத் திரும்பக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் பந்தை அதிகம் பிடித்திழுக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய இடைஞ்சல் ஊன்றும் கால்தான். அது அழுந்த நிற்பதற்குத் தரை பக்கவாட்டில் எதிர்த்துத் தள்ள வேண்டும். பனி அப்படித் தள்ளாது. உடம்பைச் சாய்த்து, வேகமாக ஓடிவந்து ஊன்றினால் கால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே அவர் அடிகளைச் சுருக்கினார். சாய்வைக் குறைத்து, உடம்பு ஊன்றும் காலுக்கு நேர் மேலே இருக்கும்படி வந்தார். வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து நிலைப்பை வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். பந்து வழக்கமாகப் போவதுபோல் உயரே எழவில்லை. தாழ்வாக, பனித்துகள்களுக்கு நடுவே விரைந்து போய்க் கம்பியைத் தாண்டியது. 13க்கு 13. மிச்சம் இருந்தது 27 நொடி. கூடுதல் நேரத்தில் இன்னொரு உதை, 23 யார்டு. அதற்கு முன்பு ஊன்றும் இடத்தில் சகவீரர்கள் பனியை விலக்கிக் கொடுத்தார்கள். 16க்கு 13 என்று ஆட்டம் முடிந்தது. 23 யார்டு உதை எந்தக் கிக்கரும் போடுவார். 45 யார்டு உதையை, அந்தத் தரையில், தன் அசைவையே அந்த இடத்தில் மாற்றிக்கொண்டு போட்டது வேறு ரகம். இந்த ஆட்டத்தில் அதைவிடக் கடினமான உதை நடந்ததில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியும் பேட்ரியட்ஸும் 17க்கு 17 என்று சமம். கடைசி நொடிகளில் 48 யார்டு உதை, அதோடு ஆட்டம் முடிந்தது, கோப்பை பேட்ரியட்ஸுக்கு. 2004 பிப்ரவரியில் ஹூஸ்டனில் மீண்டும் அதே மாதிரி ஓர் இறுதி ஆட்டம், எதிரில் கரோலினா. அங்கேதான் அவருடைய மனம் எப்படிப்பட்டது என்பது தெரிந்தது. முதல் பாதியில் 31 யார்டிலிருந்து ஒன்றைத் தவறவிட்டார். அடுத்ததை எதிரணி தடுத்துவிட்டது. இரண்டும் அவருக்கு எளிய தூரம். அப்படியிருந்தும் ஆட்டம் முடிய 4 நொடி இருக்கையில், சமநிலையில், 41 யார்டு உதையைக் கம்பங்களுக்கு நடுவே போட்டார். 32க்கு 29.

முதல் பாதியில் இரண்டு தவறியவர் கடைசி நொடிகளில் மூன்றாவதைப் போடுவது எப்படி? இந்த இடத்தில் ஓர் ஆய்வு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் சியன் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் தேர்ந்த கால்பந்து வீரர்களிடம், பந்தைக் காலால் தட்டிக்கொண்டு தடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகச் சொன்னார்கள். ஒரு தடவை, பந்தைத் தொடுவது காலின் எந்தப் பக்கம் என்று கவனித்துக்கொண்டே போக வேண்டும். இன்னொரு தடவை, காதில் விழும் சம்பந்தமில்லாத சொற்களில் குறிப்பிட்ட ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பழகிய காலால் ஆடும்போது, தங்கள் பாதத்தையே கவனித்தபோதுதான் தேர்ந்த வீரர்கள் தடுமாறினார்கள்! கவனம் வேறெங்கோ இருந்தபோது நன்றாக ஆடினார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு இது நேர்மாறு; அவர்களுக்குப் பாதத்தைக் கவனிப்பது உதவியது.

நெருக்கடி வரும்போது மனிதர் இயல்பாகச் செய்வது, தன் அசைவைத் தானே மேற்பார்வையிடத் தொடங்குவது. உடம்பில் படிந்து கிடந்த பழக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பார்ப்பார். 1.3 நொடியில் அதற்கு இடமே இல்லை. முந்தைய தவறு அந்த மேற்பார்வையைத் தூண்டிவிடும் என்பதால்தான், இரண்டு தவறியவருக்கு மூன்றாவது உதை இரு மடங்கு கடினம். வினாட்டியேரி அன்றைக்கு வென்றது கரோலினாவை மட்டுமல்ல.

எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. 1998 பருவத்தில் மினசோட்டா அணியின் கேரி ஆண்டர்சன், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், 35 ஃபீல்டு கோல் முயன்று 35ஐயும் போட்டார். ஒற்றைப் புள்ளி உதைகளிலும் ஒன்றுகூடத் தவறவில்லை. 1999 ஜனவரியில் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில் வெற்றியை உறுதிசெய்யும் உதை இடப்பக்கம் விலகியது. அதே ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், அட்லாண்டாவின் மோர்டன் ஆண்டர்சன் 38 யார்டிலிருந்து போட்டு ஆட்டத்தை முடித்தார். அந்த மோர்டன் டென்மார்க்கிலிருந்து மாணவப் பரிமாற்றத்தில் அமெரிக்கா வந்தவர். 25 பருவங்கள், 382 ஆட்டங்கள் ஆடியவர். புள்ளிகளில் அவர் வைத்திருந்த 2,544 என்ற சாதனையைத்தான் 2018 அக்டோபரில் வினாட்டியேரி கடந்தார்.

உதைப்பவரைவிட ஸ்னாப்பரின் நிலை இன்னும் பரிதாபம். ட்ரே ஜங்கின் 19 பருவங்கள் ஆடி ஓய்வுபெற்றிருந்தவர். ஆள் இல்லை என்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அழைக்க, 2003 ஜனவரியில் ஒரே ஆட்டத்துக்காகத் திரும்பி வந்தார். கடைசி நொடிகளில் அவர் வீசிய பந்து தாழ்வாகப் போய்விட, உதைக்கவே முடியாமல் அணி 39க்கு 38 என்று தோற்றது. இரண்டு பத்தாண்டுகளின் பிசகாத வீச்சுகளை யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இது நியாயமில்லை என்பதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

வினாட்டியேரி 2006இல், 33 வயதில், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு மாறினார். முதல் பருவத்திலேயே பால்டிமோருக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் அணியின் 15 புள்ளிகளையும் ஐந்து உதைகளில் தனியாக எடுத்து, 15க்கு 6 என்று வெல்ல வைத்தார். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. அவருக்கு அது நான்காவது. பெரும்பாலான ஆட்டக்காரர்களின் வாழ்க்கை முடியும் வயதில் அவருடைய இரண்டாம் பாதி தொடங்கியது. புள்ளிவிவரம் ஒரு வினோதத்தைக் காட்டுகிறது. பேட்ரியட்ஸில் 321 முயற்சிகளில் 263 போட்டார்; நூற்றுக்கு 82. கோல்ட்ஸில் 394இல் 336, நூற்றுக்கு 85. வயது ஏற ஏறக் குறி கூர்மையானது. 2014இல், 41 வயதில், 31 முயற்சிகளில் 30 போட்டார். 2015இலும் 2016இலுமாகத் தொடர்ச்சியாக 44 ஃபீல்டு கோல்களைத் தவறாமல் போட்டு லீக் சாதனை படைத்தார்.

இதில் கூரையின் பங்கை மறைக்கக் கூடாது. கூரை போட்ட இண்டியானாபொலிஸ் மைதானத்தில் பனியும் காற்றும் இல்லை. நியூ இங்கிலாந்தின் டிசம்பர் காற்றில் உதைத்தவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கூரை மட்டும் காரணம் இல்லை. வயதானால் முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். எனவே கிக்கர் முதலில் இழப்பது தூரம். ஆட்டத் தொடக்கத்தில் பந்தை எதிரணியின் எல்லைவரை அனுப்பும் உதைக்கு முழு பலமும் தேவை. 2009இல் பாட் மெக்காஃபி வந்த பிறகு அந்த வேலை அவருக்குப் போனது. வினாட்டியேரிக்கு மிஞ்சியது துல்லியம் தேவைப்படும் வேலை மட்டும். துல்லியம் தசையைவிட அதிகமாக நரம்பிணைப்புகளைச் சார்ந்தது. பழகிய அசைவு எளிதில் மறப்பதில்லை. உடம்பில் பலவீனமாகும் பகுதியை விலக்கிவிட்டு, வலுவாக நிற்கும் பகுதிக்கு மட்டும் வேலை கொடுத்தால் ஒரு தொழில் வாழ்க்கை எவ்வளவு நீளும் என்பதற்கு அவர் உயிருள்ள சான்று. அவருக்குப் பந்தைப் பிடித்துக்கொடுத்த ஹோல்டரும் பல பருவங்களாக அதே மெக்காஃபிதான்.

மூட்டுகளுக்கு அப்படிச் சலுகை கிடையாது. ஆயிரமாயிரம் தடவை அடித்து ஊன்றிய சுமை எங்காவது தேங்கத்தான் செய்யும். 2019 பருவத்தில் முட்டி வலியோடு ஆடினார். 25 முயற்சிகளில் 17தான் உள்ளே போயின. ஒற்றைப் புள்ளி உதைகளிலும் ஆறு தவறின. மனமும் பழக்கமும் இருந்தன. அவற்றைத் தாங்கும் மூட்டு இல்லை. டிசம்பரில் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பவே இல்லை. கடைசி ஆட்டத்தில் அவருக்கு 46 வயது. 2021 மே மாதம், மெக்காஃபி நடத்தும் நேர்காணல் நிகழ்ச்சியில்தான் ஓய்வை அறிவித்தார்.

கிக்கர்களை அரைகுறை ஆட்டக்காரர்கள் என்று கருதும் வழக்கம் அமெரிக்காவில் இன்னும் போகவில்லை. இந்தத் தொழிலை மட்டுமே செய்த ஒருவர் அந்த ஆட்டத்தின் ஹால் ஆஃப் ஃபேமில் முதன்முதலாக இடம்பெறவே 1991 ஆகிவிட்டது. அவர் நார்வேயிலிருந்து பனிச்சறுக்குத் தாவல் வீரராக வந்த யான் ஸ்டெனருட். மற்ற வீரர்களுக்கு ஓர் ஆட்டத்தில் ஐம்பது அறுபது வாய்ப்பு வரும். ஒன்று போனால் அடுத்ததில் ஈடுகட்டலாம். கிக்கருக்கு மூன்றோ நான்கோ. என் கணிப்பில், அந்த ஆட்டத்தில் ஒரு நொடிக்கு அதிகப் பொறுப்பைச் சுமப்பவர் கிக்கர்தான்.

வாய்ப்புக் கிடைத்தால் ஃபாக்ஸ்பரோவின் அந்த 45 யார்டு உதையை இணையத்தில் தேடிப் பாருங்கள். முதல் தடவை எல்லோரும் பந்தைத்தான் பார்ப்போம். இரண்டாம் தடவை வினாட்டியேரியின் இடக்கால் எவ்வளவு சிறிய அடியாக விழுகிறது என்று பாருங்கள். மூன்றாம் தடவை உதைத்தவரை விட்டுவிட்டு, பனி படிந்த வழுக்கும் பந்தை வாங்கி ஊன்றும் கென் வால்ட்டரின் கைகளைப் பாருங்கள்.